தார் மலைக்கும் புதர்க்காட்டுக்கும் ஒரே ரைபிள்: எந்த காலிபர் எடுக்கலாம்?

#1 ஈசூன்_வேல்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டுப் போறவன், இதுதான் முதல் பதிவு, தப்பா கேட்டிருந்தா திட்டாம சொல்லுங்க.

அக்கா குடும்பம் நியூசிலாந்துல கிரைஸ்ட்சர்ச்ல செட்டிலாகி ஆறு வருஷம் ஆச்சு. அத்தானுக்கு அங்க போனதுலேருந்து வேட்டைப் பைத்தியம், லைசன்ஸ் எடுத்து ஒரு .243 ரைபிள் (அந்த எண்ணுதான் காலிபர், தோட்டா அளவு) வெச்சிருக்காரு, இப்ப ரெண்டாவதா ஒண்ணு வாங்கப் போறாரு, "நீயும் ஜூன்ல வர்ற, ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் வருவ, உனக்கும் தோதா இருக்குறத சொல்லு வாங்கிடறேன்"னு என்கிட்ட விட்டுட்டாரு. எனக்கு தெரிஞ்சதெல்லாம் இங்க சிங்கப்பூர்ல என்எஸ்ல, கட்டாய ராணுவ சேவையில, தூக்குன எஸ்ஏஆர் 21 ரைபிள் மட்டும்தான். மார்க்ஸ்மேன் பேட்ஜ் வாங்கியிருக்கேன், ஆனா அது பேப்பர், உயிர் இல்ல.

போற இடம் இப்படி: ஜூன்ல சவுத் ஐலண்ட் மலையில தார்ங்கிற காட்டு ஆடு, தூரம் 200லேருந்து 300 மீட்டர் இருக்கும்ங்கிறாரு. அடுத்து வெஸ்ட் கோஸ்ட் காட்டுக்குள்ள செம்மான், அங்க 40 மீட்டர் தாண்டி ஒண்ணும் தெரியாதாம். அடுத்த வருஷம் ஆஸ்திரேலியாவுல விக்டோரியா பக்கம் கடமான். காசு சேந்தா ஒரு நாள் நமீபியா, அது கனவு.

எனக்கு .300 வின்செஸ்டர் மேக்னம் (வின் மேக்) எடுத்தா எல்லாத்துக்கும் ஆகும்னு தோணுது, பெருசா இருந்தா சின்னதுக்கும் சேத்து வேலை செய்யும்ல? என்ன சொல்றீங்க.

#2 சிக்கன்ரைஸ்_ரவி

தார் வேட்டையா? பிஐஈ எக்ஸ்பிரஸ்வே ஓரமா ரோடு போடுறாங்களே அங்க போ தம்பி, சூடா கிடைக்கும் லா.

#3 பழைய_ஆர்மரர்

ரவி நீ சும்மா இரு. தார்ங்கிறது இமயமலை காட்டு ஆடு, 1904ல நியூசிலாந்துல மவுண்ட் குக் பக்கம் கொண்டுபோய் விட்டது, பல்கிப் பெருகிடுச்சு. நம்ம நீலகிரி வரையாட்டையும் இங்கிலீஷ்ல தார்னுதான் சொல்லுவாங்க, ஆனா மரபணு பாத்தவங்க அது செம்மறி ஆட்டுக்குத்தான் கிட்டத்து சொந்தம்னு தனி இனமா பிரிச்சுட்டாங்க.

வேல் தம்பி, உன் கேள்விக்கு வர்றேன். நான் இருபது வருஷத்துக்கு மேல ஆர்மரியில ரைபிள் கழட்டி மாட்டுனவன், ரிட்டயரான பிறகு ஆஸ்திரேலியாவுலயும் நியூசிலாந்துலயும் ஏழெட்டு தடவை போயிருக்கேன். முதல்ல உன்கிட்ட நான் ஒண்ணு கேக்குறேன். உன் எடை என்ன? 5.56 தவிர வேற எதையாவது தோள்ல வெச்சு சுட்டிருக்கியா?

ஏன் கேக்குறேன்னா எஸ்ஏஆர் 21 கிட்டத்தட்ட 4 கிலோ, அதுல 5.56 சுட்டா தோள்ல தட்டுறது மாதிரிதான் இருக்கும். .243 அதைவிட கொஞ்சம் கூட. .308 நல்லாவே உதைக்கும். .300 வின் மேக் அந்த .308ஐ விட ஒன்றரை மடங்கு உதைக்கும், அதுவும் மலை ஏறணும்னு மூணு கிலோ ரைபிளா வாங்குனா இன்னும் மோசம். மார்க்ஸ்மேன் பேட்ஜ் எல்லாம் அந்த உதை முன்னாடி ரெண்டு நாள்ல காணாம போயிடும்.

#4 மேக்னம்_மணி

அண்ணே உங்க மேல மரியாதை உண்டு ஆனா இது பயமுறுத்துற பேச்சு. நான் .300 வின் மேக்லதான் தார் எடுத்தேன், 320 மீட்டர், ஒரே வெடி. மலையில காத்து அடிக்கும், ஆண் தார் 130 கிலோ வரைக்கும் வரும், கடினமான மிருகம், அடி வாங்கியும் ஓடி போய் பள்ளத்துல விழுந்துரும், அங்க சக்தி வேணும்ல. 180 கிரெய்ன் (தோட்டாவோட எடைக் கணக்கு) தோட்டா விநாடிக்கு 2,950 அடி வேகத்துல போகுது, 4,700 ஜூலுக்கு மேல. .308 பாத்தீங்கன்னா 3,600 ஜூல்தான். எண்ணு பொய் சொல்லாது. வேல் ப்ரோ, கண்ணை மூடிக்கிட்டு வின் மேக் எடுங்க.

#5 சிக்கன்ரைஸ்_ரவி

கண்ணை மூடிக்கிட்டு சுட்டா எதுல சுட்டா என்ன

#6 பழைய_ஆர்மரர்

மணி, எண்ணு பொய் சொல்லாது, சரி, அப்ப எல்லா எண்ணையும் பாப்போம். ரெண்டு ரைபிளையும் 200 மீட்டருக்கு ஜீரோ பண்ணிக்கோ, அதாவது அந்த தூரத்துல குறி வெச்ச இடத்துலயே தோட்டா படற மாதிரி ஸ்கோப்பை செட் பண்ணிக்கோ. .308ல 150 கிரெய்ன் தோட்டா 300 மீட்டர்ல ஒரு சாண் கீழ இறங்கும். உன் வின் மேக் 180 கிரெய்ன் அதே 300ல எவ்வளவு இறங்கும் தெரியுமா? அதுவும் ஒரு சாண்தான், ரெண்டு விரக்கடை குறைச்சு. 400க்குப் போனாத்தான் கொஞ்சம் தெரியும், .308 ஒன்றரை முழம் கிட்ட, வின் மேக் ஒரு முழத்துக்கு சொச்சம். அந்த ரெண்டு விரக்கடைக்காகவா பையன் தோளை உடைக்கணும்?

காத்துல வின் மேக் கொஞ்சம் கம்மியாத்தான் ஒதுங்கும், ஒத்துக்கறேன். ஆனா 300 மீட்டர்ல காத்தை தப்பா கணக்குப் போடுறவன் எந்த காலிபர் வெச்சிருந்தாலும் தப்பாத்தான் போடுவான்.

இன்னொண்ணு, மலையில இதை விட பெரிய தப்பு சரிவு. மேல பாத்து சுட்டாலும் கீழ பாத்து சுட்டாலும் தோட்டா நினைச்சதுக்கு மேலதான் போகும். புவியீர்ப்பு இழுக்குறது படுக்கைவாட்டு தூரத்துக்குத்தான், சாய்வு தூரத்துக்கு இல்ல. 30 டிகிரி சரிவுல லேசர் 300 மீட்டர்னு காட்டுனா நீ 260க்குத்தான் கணக்கு வைக்கணும், 45 டிகிரின்னா 212. புதுசா போறவன் பாதிப் பேரு தார் முதுகுக்கு மேல சுட்டுட்டு "ஸ்கோப் கோணலாயிடுச்சு"ன்னு வந்து நிப்பான். சரிவையும் சேத்து கணக்குப் போட்டு சொல்ற ரேஞ்ச்ஃபைண்டர் இருக்கு, மேக்னத்துக்கு செலவு பண்ற காசை அதுல போடச் சொல்லு அத்தானை.

#7 மெல்பர்ன்_மீனா

நான் மெல்பர்ன்ல பதினோரு வருஷமா இருக்கேன், பிறந்து வளந்தது பிடோக் நார்த். வீட்டுக்காரரும் நானும் கிப்ஸ்லாண்ட் பக்கம் கடமானுக்குப் போவோம், அதனால அந்தப் பகுதி மட்டும் சொல்றேன்.

முதல்ல சட்டம். விக்டோரியாவுல கடமானுக்கு குறைஞ்சபட்சம் .270 காலிபர், தோட்டா 130 கிரெய்னுக்கு குறையக்கூடாது. அதனால உங்க அத்தானோட .243 இங்க ஆகாது, புள்ளிமானுக்குத்தான் ஆகும். புதுசா வாங்கறதுலயும் இதை மனசுல வெச்சுக்கோங்க, 6.5 மில்லிமீட்டர் காலிபர் எதுவும் .270ஐ தொடாது. அகலம் கொஞ்சூண்டுதான் கம்மி, ஆனா சட்டம் சட்டம்தான்.

ரெண்டாவது, இது முதுமலையில நிக்கிற அதே கடமான். 1860கள்ல கொண்டு வந்து விட்டாங்க. ஆண் 250 கிலோ தாண்டும். ஆனா நீங்க அதை 300 மீட்டர்ல பாக்கவே மாட்டீங்க. முள்ளுப் புதருக்குள்ள இடுப்பளவு ஈரத்துல மூணு மணி நேரம் மெதுவா மெதுவா நடந்துட்டே இருப்பீங்க, திடீர்னு 50 மீட்டர்ல கார் ஹார்ன் மாதிரி ஒரு சத்தம் "ஹாங்க்"னு, அவ்ளோதான், வால் மட்டும்தான் தெரியும். நாங்க முதல் ரெண்டு சீசன் முழுக்க வாலைத்தான் பாத்தோம்.

அந்த இடத்துல காலிபரை விட முக்கியம் ரைபிள் எவ்ளோ சீக்கிரம் தோளுக்கு வருது, ஸ்கோப் எவ்ளோ குறைவா பெருசு பண்ணுதுங்கிறதுதான். 4 மடங்கு பெருசா காட்டுறதுலேருந்து ஆரம்பிக்கிற ஸ்கோப் வெச்சுட்டு வந்தாரு ஒரு நண்பர், 30 மீட்டர்ல மான் நிக்குது, ஸ்கோப்ல பாத்தா வெறும் பழுப்பு மயிர், தோளா தொடையான்னு தெரியல, சுடாம இறக்கிட்டாரு. நல்ல மனுஷன், அதனால இறக்கினாரு. 2லேருந்து ஆரம்பிக்கிறது எடுங்க. நான் வெச்சிருக்கிறது .308, குட்டைக் குழல். வீட்டுக்காரருக்கு .30-06.

அப்புறம் "பெரிய தோட்டா புதரை அறுத்துட்டுப் போகும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. எல்லாத் தோட்டாவும் குச்சில பட்டா திரும்பும். இடைவெளி கிடைக்கிற வரைக்கும் காத்திருக்கணும், இல்லைன்னா விடணும்.

#8 கிரீட்மோர்_குமார்

6.5 கிரீட்மோர் பத்தி ஒருத்தரும் பேசலையே. 2007ல வந்தது, உதை .308ஐ விட கம்மி, 140 கிரெய்ன் தோட்டா நீளமா ஒல்லியா இருக்கும், காத்தை .308ஐ விட நல்லா வெட்டும். நியூசிலாந்துல தாருக்கு நிறைய பேரு இதான் தூக்குறாங்க. வேல் மாதிரி 5.56லேருந்து வர்றவருக்கு இதுதான் அளவெடுத்து தைச்ச சட்டை. மீனாக்கா சொன்ன விக்டோரியா சட்டம் மட்டும் இடிக்குது. அங்க போறப்ப வாடகைக்கு ஒண்ணு வாங்கிக்கலாம்.

#9 மேக்னம்_மணி

கிரீட்மோர் குரூப் வந்துட்டாங்கய்யா. இனி தாடி எண்ணெய் விளம்பரமும் வரும்.

#10 சும்மா_கேக்குறேன்

சண்டைக்கு வரல, சும்மா கேக்குறேன். இவ்ளோ கணக்கு போட்டு ஒரு ஆட்டை கொல்லணுமா? தேக்கா மார்க்கெட்ல ஆட்டுக்கறி கிடைக்குதே. வரையாடு தமிழ்நாட்டோட மாநில விலங்கு, அதைக் காப்பாத்த 2022ல தனித் திட்டமே அறிவிச்சாங்க, நாம இங்க அதோட சொந்தக்காரனை சுடுறதைப் பத்தி பேசிட்டிருக்கோம். பாவம் இல்லையா?

#11 மெல்பர்ன்_மீனா

நியாயமான கேள்வி, தப்பா எடுக்கல. நியூசிலாந்துல மனுஷன் வர்றதுக்கு முன்னாடி தரையில நடக்குற பாலூட்டி எதுவுமே கிடையாது, வவ்வால் மட்டும்தான். அங்க இருக்குற மலைச்செடிக்கெல்லாம் ஆட்டுப் பல்லுன்னா என்னன்னே தெரியாது. 1993ல போட்ட திட்டத்துல தார் 10,000க்கு மேல போகக்கூடாதுன்னு வெச்சாங்க, மேல போயிடுச்சுன்னு அரசாங்கமே ஹெலிகாப்டர்ல போய் சுடுது. நீலகிரில வரையாடு மண்ணோட பிள்ளை, நியூசிலாந்துல தார் வந்தேறி. ரெண்டுக்கும் ஒரே நியாயம் பேச முடியாது. ஆனா பாவம் இல்லையான்னு கேட்டா, இருக்கு. ஒவ்வொரு தடவையும் கிட்டப் போய் நிக்கும்போது ஒரு மாதிரிதான் இருக்கும். அது இல்லாம போச்சுன்னா நான் நிறுத்திடுவேன்.

#12 ஈசூன்_வேல்

ஐயோ இவ்ளோ பதிலா, எல்லாருக்கும் நன்றி. எடை 64 கிலோண்ணே. வேற எதையும் சுட்டதில்ல. தோட்டா வகை பத்தியும் கொஞ்சம் சொல்லுங்களேன், கடையில ஒரே .308க்கு இருபது விதப் பெட்டி இருக்காம், அத்தான் போட்டோ அனுப்புனாரு, எனக்கு தலை சுத்துது.

#13 பழைய_ஆர்மரர்

64 கிலோவா! கேட்டியா மணி.

தம்பி இதுதான் நீ முதல்ல கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நீ ரேஞ்சுல சுட்டது முழு உலோகக் கவசம் போட்ட ராணுவத் தோட்டா. வேட்டைக்கு அது ஆகாது. ஊசி மாதிரி உள்ள போய் வெளிய போயிடும், மிருகம் ஒரு கிலோமீட்டர் ஓடி எங்கயோ ராத்திரி முழுக்க துடிச்சு சாகும். வேட்டைத் தோட்டா உள்ள போனதும் காளான் மாதிரி விரியணும், விரிஞ்சும் சிதறாம ஆழமா போகணும். இந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரி, அதனாலதான் இருபது பெட்டி.

சாதா மென்முனைத் தோட்டா காட்டுக்குள்ள 50 மீட்டர்ல செம்மானுக்குப் போதும். ஆனா கிட்டத்துல ரொம்ப வேகமா போற காலிபர்ல இதைப் போட்டா தோள் எலும்புல பட்டு உடைஞ்சு, பாதிக் கறி ரத்தக் கட்டியாயிடும், அதான் வின் மேக் காட்டுக்குள்ள செய்யுற வேலை. அடுத்தது ஈயத்தையும் மேலுறையையும் ஒட்டவெச்சது, பாண்டட்னு பெட்டியில போட்டிருக்கும். கடமான் மாதிரி கனத்த உடம்புக்கு இதான் என் கை போறது. மூணாவது முழுச் செம்பு, எடை இழக்காது, ஆழமா போகும், ஆனா வேகம் குறைஞ்சா சரியா விரியாது, அதனால தூரத்துக்கு போறப்ப எந்த வேகம் வரைக்கும் விரியும்னு பெட்டியில பாத்துக்கணும்.

உனக்கு என் தீர்ப்பு: .308, 150 கிரெய்ன் மலைக்கு, 165 இல்லைன்னா 180 பாண்டட் கடமானுக்கு. பெட்டி மாத்துனா ஜீரோவும் மாறும், ஒவ்வொரு தடவையும் பேப்பர்ல சுட்டுப் பாக்காம மலை ஏறாத.

#14 வால்விஸ்பே_வாசு

கப்பல்ல சீஃப் இன்ஜினியரா இருந்தப்ப நமீபியாவுல அடிக்கடி இறங்குவேன், ரெண்டு தடவை பண்ணையில வேட்டைக்கும் போயிருக்கேன். அங்க சட்டம் காலிபர்ல இல்ல, ஜூல்ல. சின்ன மானுக்கு 1,350, கூடுங்கிற பெரிய ஆப்பிரிக்க மான் மாதிரி பெருசுக்கு 2,700, எருமை யானைக்கெல்லாம் 5,400. ஆக .308 கூடுவுக்குத் தாராளமா போதும். மணி தம்பியோட வின் மேக் 4,700 ஜூல்னாரே, அது எருமைக்குப் பத்தாது, மானுக்குத் தேவைப்படாது. எருமைன்னு போனா .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், 1912ல வந்த காலிபர், இன்னிக்கும் பல ஆப்பிரிக்க நாடுகள்ல அதான் கீழ்வரம்பு. ஆஸ்திரேலியா வடக்குல நீர் எருமைக்குப் போறவங்களும் அதைத்தான் தூக்குறாங்க. அதை ஊர்லேருந்து கொண்டு போக வேண்டாம், பண்ணைக்காரன் வாடகைக்குத் தருவான்.

ஒரு விஷயம், அங்க ரத்தம் பாத்துட்டா காசு. அடிபட்டு ஓடிப்போச்சு, கிடைக்கல, ஆனாலும் முழு விலை கட்டணும். ஆப்பிரிக்க மானுக்கு இதயம் நாம நினைக்கிறதை விட முன்னாலயும் கீழயும் இருக்கும், முன்னங்காலை ஒட்டி. நம்ம ஆளுங்க தோளுக்குப் பின்னாடி சுட்டு, நாள் பூரா தேடி, கடைசில பர்ஸை திறப்பாங்க. நான் திறந்திருக்கேன்.

#15 கிரீட்மோர்_குமார்

ஆயிரத்துக்கு மேல யானை சுட்டாரே பெல்னு ஒருத்தர், அதுல பெரும்பாலும் 7 மில்லிமீட்டர்ல, நூறு வருஷத்துக்கு முன்னாடி?

#16 வால்விஸ்பே_வாசு

சுட்டாரு. அவரு யானைத் தலையை குறுக்கால அறுத்து மூளை எங்க இருக்குன்னு வரைஞ்சு படிச்சவரு. நீ கோழியை அறுத்திருக்கியா?

#17 மேக்னம்_மணி

சரி. எல்லாரும் என்னைப் போட்டு மொத்துறீங்க, அதனால ஒரு உண்மையைச் சொல்லிடறேன். அந்த 320 மீட்டர் தார் உண்மைதான். ஆனா அதுக்கு முந்தின நாள் அதே ரைபிள்ல சரிவுல குப்புறப் படுத்து மேட்டைப் பாத்துச் சுட்டப்ப ஸ்கோப் வந்து புருவத்துல இடிச்சு, அரை நிலா வடிவத்துல வெட்டு, நாலு தையல். அந்த வடு இன்னும் இருக்கு, பொண்டாட்டிகிட்ட பாறையில வழுக்கிட்டேன்னு சொல்லியிருக்கேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவை டிரிக்கர் அமுக்கும்போதும் கண்ணு தானா மூடுது. ரவி சொன்னது தெரிஞ்சு சொன்னானா தெரியாம சொன்னானான்னு தெரியல.

#18 சிக்கன்ரைஸ்_ரவி

தெரியாம லா. சாரி ப்ரோ.

#19 ஈசூன்_வேல் (ஜூலை)

திரும்பி வந்தாச்சு. கொஞ்சம் நீளமா எழுதறேன்.

அத்தான் .308 வாங்கிட்டாரு, சைலன்சர் போட்டு. அங்க அதுக்குத் தடை இல்ல, காதுக்கும் தோளுக்கும் ரொம்ப நல்லது. எனக்கு லைசன்ஸ் இல்லாததால அத்தான் கை எட்டுற தூரத்துலயே நின்னு மேற்பார்வை பாத்தாரு, நான் வெச்சிருக்கும்போது அவரு கையில துப்பாக்கி கிடையாது.

முதல் நாள் ரேஞ்சுல அவர் நண்பர் ஒருத்தரோட .300 வின் மேக்கும் கிடைச்சுச்சு, ஆசைக்கு சுட்டுப் பாத்தேன். அத்தான் ஒரு வேலை பண்ணாரு. நான் பாக்காதப்ப மேகசின்ல நடுவுல ஒரு டம்மி ரவுண்டை சொருகிட்டாரு. நான் டிரிக்கரை அமுக்குனேன், "டிக்"னு மட்டும் சத்தம், வெடிக்கல, ஆனா குழல் முனை அரை அடி கீழ குத்திடுச்சு. வெடிக்காமலே நான் பயந்து குத்தியிருக்கேன். பக்கத்துல நின்ன வெள்ளைக்காரர் சிரிக்கல, அதுதான் இன்னும் வெக்கமா இருந்துச்சு. .308ல அதே சோதனை, குழல் லேசா ஆடுச்சு, சாயந்திரத்துக்குள்ள அதுவும் நின்னுடுச்சு.

மலையில மூணாவது நாள்தான் ஆண் தார் கிடைச்சுது. ஜூன்ல அதுக்கு பிடரி மயிர் நீளமா வளந்து காத்துல ஆடும், வைக்கோல் நிறம், அவ்ளோ அழகு. முதல்ல நின்னது 210 மீட்டர், சுலபமான வெடி. நான் படுத்து பாதுகாப்பு லாக்கை எடுத்துட்டேன். அத்தான் தோளைத் தட்டி "எங்க விழும்னு பாத்தியா?"ன்னாரு. பாத்தா அது நின்ன பாறைக்குக் கீழ அறுபது எழுபது மீட்டர் நேர் பள்ளம், விழுந்தா கொம்பும் இல்ல கறியும் இல்ல, எடுக்கப் போனா நாங்களும் இல்ல. விட்டுட்டோம். ஒன்றரை மணி நேரம் குளிர்ல கிடந்தோம், விரல் உணர்வே இல்ல.

அப்புறம் இன்னொண்ணு, பக்கத்துச் சரிவுல மேல, புல்மேடு. லேசர் 290, சரிவு சேத்து 250ன்னு காட்டுச்சு. ஆர்மரர் அண்ணன் சொன்னதுதான் ஞாபகம். பையை மடிச்சு முன்னாடி வெச்சு, மூச்சை பாதி விட்டு, எஸ்ஏஆர்ல பண்ற அதே மாதிரி. தோள்ல பட்டுச்சு, பத்தடி உருண்டுச்சு, நின்னுச்சு. மீனாக்கா சொன்ன அந்த ஒரு மாதிரி எனக்கும் வந்துச்சு, எழுதத் தெரியல.

செம்மான் வேட்டையில ஒண்ணும் கிடைக்கல. மழை, ஈரம், சத்தம் மட்டும்.

கடைசி ராத்திரி பேக் பண்ணும்போது ஜாக்கெட் பாக்கெட்டுக்குள்ள கை விட்டா வெறும் தோட்டாக்கூடு ஒண்ணு! அந்த தாரைச் சுட்டது, ஞாபகத்துக்குன்னு போட்டு மறந்துட்டேன். ஒவ்வொரு ரேஞ்ச் முடிஞ்சதும் வரிசையில நின்னு "நோ லைவ் ரவுண்ட்ஸ், நோ எம்டி கேஸஸ் சார்"னு கத்துனவன் நான். அதோட சாங்கி ஏர்போர்ட்ல இறங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும். அக்கா வீட்டு ஜன்னல்லயே வெச்சுட்டு வந்துட்டேன்.

#20 பழைய_ஆர்மரர்

நல்லவேளை பாத்த. காலிக்கூடா இருந்தாலும் அனுமதி இல்லாம இங்க கொண்டு வரக்கூடாது. ஒரு வெடிக்கு ஒரு தார், டம்மி ரவுண்டுலயும் பாஸ். ரிசர்விஸ்ட்ல உன்னைப் பாத்தா கோப்பி வாங்கித் தர்றேன்.

#21 மேக்னம்_மணி

என் வின் மேக் விக்கப் போறேன், குயின்ஸ்டவுன்ல தம்பி வீட்டுல இருக்கு, அத்தானுக்கு வேணுமான்னு கேளு.

#22 ஈசூன்_வேல்

கேட்டேன் ண்ணே. அவரு இன்னமும் ஆசையா தூக்குறது அந்தப் பழைய .243தான்.

#23 சிக்கன்ரைஸ்_ரவி

எல்லாம் சொன்ன, கறியைப் பத்தி ஒரு வரி இல்ல. எப்படி இருந்துச்சு?

#24 ஈசூன்_வேல்

அக்கா குக்கர்ல மூணு விசில் விட்டு இறக்குனா செருப்பு மாதிரி இருந்துச்சு, கிழட்டு ஆடு. மறுபடி வெச்சு எட்டு விசில். அப்புறம் மிளகு தூக்கலா போட்டு பிரட்டுனாங்க, அத்தான் பசங்க ரெண்டு பேரும் சட்டியை வழிச்சுட்டாங்க. எனக்கு எலும்புதான் கிடைச்சுது.